என் கோடி வேட்டி

அன்று கூலியாட்கள் குடியிருக்கும் அந்த லயத்து வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: செத்துப்போன என் சிநேகிதனின் அக்கா, அவள் வீட்டுக்காரர், எங்கள் கங்காணி, நான். எத்தனை பேர் முன்னால் மானம் போகப்போகிறது என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்ததால் கணக்கு மறக்கவில்லை. வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். இருபத்துநாலில் பெரிய வெள்ளம் வந்துபோன மறுவருஷம், மாசி மாதம்.

நானும் அவனும் ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். அவன் எதற்கும் கவலைப்படாதவன். நான் அவனுக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறவன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, காய்ச்சல் என்றால் எல்லாமே ஆளைக் கொல்லும் காய்ச்சல்தான். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் செத்தால் சொந்தக்காரர்கள் புதுத்துணி கொண்டுவந்து மேலே போர்த்துவார்கள். கோடி என்போம். எனக்கு மலையில் யார் சொந்தம்? கட்டின அழுக்கோடு போக வேண்டியதுதான். அதனால் சிவப்புக் கரை வேட்டி ஒன்றை நானே வாங்கி, நான் போனால் இதைப் போர்த்து என்று அவனிடம் கொடுத்துவைத்தேன். தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வேட்டி பத்திரமா என்று கேட்பேன்.

"நீ மொதல்ல கண்ண மூடு, நான் எடுத்துர்றேன்" என்பான்.

கடைசியில், தலைவலி என்றுகூடச் சொல்லியறியாத அவன் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டான். கம்பத்திலிருந்து அவன் அக்காவால் வந்துசேர முடியவில்லை. கோடிக்கு என்ன செய்வது என்று கங்காணி கேட்டார். பெட்டியில் என் வேட்டி இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. அதைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு எனக்கு? வாயைத் திறக்கவில்லை. கங்காணியே கடையில் வாங்கிப் போர்த்தினார்.

பத்து நாள் கழித்து அக்கா வந்தாள். மதியமே பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பம் திரும்ப வேண்டும். வேட்டி அதோடு போனால் போனதுதான். தம்பியைப் பறிகொடுத்தவளிடம் எப்படிக் கேட்பது? காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் திருடன் பேசுகிற மாதிரியே இருந்தது.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். பல் போன சீப்பு. சேவல் சண்டைக்குக் காலில் கட்டுகிற கத்தி. துரை தூக்கிப்போட்ட பூட்ஸ், இரண்டும் இடது கால். ஒரு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த என் சுண்ணாம்பு டப்பா. அடியில் சிவப்புக் கரை தெரிந்தது.

அக்கா அதை உதறிப் பிரித்தாள். என் கோடியில் பீடி நெருப்பு சுட்ட ஓட்டை மூன்று. முழங்கால் பக்கம் ஒரு தையல். மூலையில் சேவல் ரத்தம்.

"இதக் கட்டிக்கிட்டுத்தான் தீவாளிக்கு வந்தான்" என்றாள். "ஏதுடா புது வேட்டின்னு கேட்டேன். 'சிநேகிதகாரன் ஒருத்தன், செத்தா போத்தச் சொல்லிக் குடுத்ததுக்கா. அவனுக்கு வாரம் ஒரு தடவ சாவு வருது, ஒண்ணாச்சும் உருப்படியா வந்து சேரல. அவன் தொண்ணூறு வரைக்கும் இருப்பான், அதுவரை பூச்சி அரிக்கவா'ன்னான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கங்காணியிடம் கேட்டாள். "அந்த ஆளு இப்ப இருக்காரா, அண்ணே?"

கங்காணி என்னைப் பார்த்தார். அவள் வீட்டுக்காரரும் பார்த்தார். காலையிலிருந்து பாடம் பண்ணியதில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"இருக்கேன்க்கா" என்றேன்.

அவள் திகைத்துப்போனாள். பிறகு, வந்ததிலிருந்து முதல்தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே அழுகையாகிவிட்டது. கங்காணி வேட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செத்தவனுக்கு இது ஆகாதுப்பா. உசுரோட இருக்கவனுக்கு இன்னும் ஒரு வருசம் தாங்கும். கட்டிக்க."

கிழிகிறவரை கட்டினேன். அவனுக்கு அதைப் போர்த்தாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை மட்டும் அக்காவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் உடம்பு கொஞ்சம் சுட்டால் பயம்தான். ஆனால் நான் சாகவே மாட்டேன் என்று நம்பி என் கோடியையே கட்டிக்கொண்டு திரிந்தவன் ஒருவன் இருந்தானே என்று நினைத்தால் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறேன். வேட்டிக் காசு அவன் எனக்கு இன்னும் பாக்கி. நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். அவ்வளவு தூரம் அவசரமாகப் போகிற அளவுக்கு அது பெரிய தொகையில்லை, ஒன்றேகால் ரூபாய்.