மூச்சு வாங்குனா கூட்டினு வா

எனக்குக் கோவம் சட்டுனு வரும். திண்டிவனத்துல பஸ் ஏறி விழுப்புரத்துல இறங்கறதுக்குள்ள கண்டக்டர்கிட்ட ஒரு தடவையாவது வாய் குடுத்துடுவேன். அதெல்லாம் வந்த வேகத்துல போயிடும். இந்தக் கோவம் மட்டும் இன்னும் இறங்கல.

விழுப்புரத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல எக்கோ எடுக்கறது என் வேலை. பிறவியிலேயே இதயத்துல கோளாறு இருக்கற குழந்தைங்க நெஞ்சுல ஜெல் தடவி, கருவியை வச்சு, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுது, எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாக்கணும். நான் எடுத்துக் குடுக்கறதைப் பாத்து டாக்டர் ரிப்போர்ட் எழுதுவாரு. கருவியைப் பாத்து வர்ற ரத்தம் திரையில சிவப்பு, விலகிப் போறது நீலம். நீலம்னா கெட்ட ரத்தம்னு அர்த்தம் இல்ல. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வத்திப்போச்சு.

பெருமுக்கல் மலைக்குப் பக்கத்துல ஒரு ஊரு. நிலத்துல மல்லாட்டைக் கடலை போடற வீட்டுப் பொண்ணு ஒருத்தி மகளைத் தூக்கிக்கினு வந்தா. குழந்தைக்கு மூணே முக்கால் வயசு. கையில பழைய ரிப்போர்ட்டு, லேமினேஷன் போட்டு வச்சிருந்தா. நாலு மாசக் குழந்தையில நான் எடுத்த எக்கோ அது. இதயத்துக் கீழறை ரெண்டுக்கும் நடுவுல பெரிய ஓட்டை. அதுக்கப்புறம் அவ வரவே இல்ல.

"மூணு வருஷத்துக்கு மேல எங்கம்மா போயிருந்தே? விளையாட்டா இது?"ன்னு பிடிபிடின்னு பிடிச்சேன்.

"பாப்பாதான் நல்லாயிட்டாளேக்கா. அப்போ பால் குடிச்சாலே வேர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும். ஒரு வயசுக்கு மேல எல்லாம் நின்னுபோச்சு. சதை வச்சா. போன மாசம் மலைக்கோயிலுக்குப் பாதி தூரம் அவளே ஏறினா"ன்னு போன்ல போட்டோ காட்டினா. பால்வாடிக்கு வந்த டாக்டரம்மா நகம் நீலமா இருக்கறதைப் பாத்துட்டு உடனே போகச் சொன்னதாலதான் இப்பவும் வந்தாளாம்.

போட்டோவுல குழந்தை சிரிச்சிக்கினு இருந்துச்சு. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு.

படுக்க வச்சு கலரைப் போட்டேன். முன்ன அந்த ஓட்டையில சிவப்பு மட்டும்தான் பாய்ஞ்சுது, இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கத்துக்கு. இப்போ ஒரே துடிப்புக்குள்ள சிவப்பும் வருது, நீலமும் வருது. ரத்தம் திரும்பி ஓடுது. கருவியை மாத்தி வச்சுப் பாத்தேன், மெஷினைத் திட்டினேன், மறுபடியும் பாத்தேன். அதேதான்.

ஓட்டை வழியா கூடுதல் ரத்தம் நுரையீரலுக்குப் போற வரைக்கும் மூச்சு வாங்கும். நாள் ஆக ஆக நுரையீரல் குழாய்ங்க தடிச்சுப்போய், அந்தக் கூடுதல் ரத்தத்தை உள்ள விடாது. அது ஓட்டை வழியாவே திரும்பி உடம்புக்குள்ள ஓடும், உதடும் நகமும் நீலமாகும். மூச்சு வாங்கறது நிக்கும், குழந்தை தேறின மாதிரி இருக்கும். ஆபரேஷன் பண்ற காலம் கை விட்டுப் போறதும் அப்போதான்.

எங்க சென்டர் டாக்டர் மேல பத்திக்கினு வந்துச்சு. ஒரு மாசத்துல திரும்ப வரணும்னு ரிப்போர்ட்டுக்கு அடியில இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதிட்டு அவர் வேலையைப் பாக்கப் போயிட்டாரு. இவ அஞ்சாவதோட நின்னவ. அவளையும் விடல நான். "யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா? எதுக்கு இதை லேமினேஷன் போட்டு வச்சே?"ன்னு கேட்டேன்.

"அதான் நீங்களே வாயால சொன்னீங்களேக்கா. மூச்சு வாங்குனா ஒடனே கூட்டினு வான்னு. நான் தெனம் அவ நெஞ்சுல காதை வச்சுப் பாத்துக்கினுதான் இருந்தேன். வாங்கவே இல்லக்கா."

சொல்லியிருப்பேன். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லுவேன், ஜெல்லைத் துடைச்சிக்கினே, அடுத்த ஆளைக் கூப்பிடற அவசரத்துல.

சென்னையில பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தொடை வழியா குழாய் விட்டு நுரையீரல் அழுத்தத்தை அளந்து பாத்தாங்க. இனிமே ஓட்டையை மூடினா உயிருக்கே ஆபத்துன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை மட்டும்தான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எக்கோவுக்கு எங்கிட்டதான் வர்றா.

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவ திட்டல. போன தடவை குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கினே கேட்டா: "இனிமே நான் எதைப் பாத்துக்கினு இருக்கணும்னு சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா அப்படியே பாத்துக்கறேன்."