அணைக்காத ஆட்டோ

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் பார்க்க அம்மாவும் நானும் காரைக்காலிலிருந்து அம்பகரத்தூருக்கு ஆட்டோவில் போனோம். ஓட்டியவர் ஒடிசலான ஆள். பற்றவைக்காத பீடி ஒன்று வழி முழுக்க உதட்டில் தொங்கியது.

பாதி வழியில் வண்டி நின்றது. அப்போதெல்லாம் இருக்கைக்குப் பக்கத்துக் கைப்பிடியை மேலே இழுத்துத்தான் ஆட்டோவைக் கிளப்ப வேண்டும். இழுத்த கைப்பிடி கீழே இறங்கவில்லை. உள்ளே ஸ்பிரிங் அறுந்திருந்தது. அவர் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை எடுத்தார்.

"இழுத்துப் புடிங்க மாப்ள. பவுடரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

நான் பிடிக்க, ஸ்பிரிங் இருந்த இடத்தில் அதைக் கட்டினார். வண்டி கிளம்பியது. என் மூக்கில் கிரீஸ் மிச்சம்.

பெண் வீட்டு வாசலில் அவர் என்ஜினை அணைக்கவேயில்லை. அந்தச் சத்தத்தில் பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பொண்ண பாக்குறதுக்குள்ள கெளம்புற அவசரமா? வேணாம்னா சொல்லிட்டுப் போங்க."

நான் திருதிருவென்று விழிக்க, வாசலிலிருந்து பதில் வந்தது.

"அவசரம் இல்லீங்க. அணைச்சா திரும்பக் கெளம்புமோ என்னமோ. அப்பறம் புடிச்சாலும் புடிக்காட்டியும் மாப்ள ஒங்க வூட்லதான் கெடக்கணும்."

அடுப்படியில் வளையல் குலுங்க ஒரு சிரிப்பு கேட்டது. பெண்ணின் அப்பாவும் சிரித்துவிட்டு, வாசலுக்கும் ஒரு டம்ளர் காபி அனுப்பினார்.

கல்யாணத்துக்கு அழைக்க அவரைத் தேடினேன், அகப்படவில்லை. பெயரைக் கேட்டு வைக்காத மடையன் நான்.

"என்ன பாத்து சம்மதிச்சியா, அவரு பேச்ச கேட்டா?" என்று மனைவியிடம் இன்னமும் கேட்கிறேன்.

"அன்னைக்கு நீங்க எங்க பேசுனீங்க?" என்கிறாள்.