களை பிடுங்காத பரராசசிங்கம்

பரராசசிங்கம் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்கிறார். கசந்தால் தலையாட்டுவார், புளித்தால் சிரிப்பார். மென்று பார்க்காமல் எந்தச் செடியையும் பிடுங்குவதில்லை. மென்ற பிறகும் பிடுங்குவதில்லை.

வாரநாட்களில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுபவர். பீலெஃபெல்ட் நகரின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி, சங்கம் ஒன்று வாடகைக்கு விடும் சிறு தோட்டங்களில் ஒன்று அவருடையது. மற்றத் தோட்டங்களில் புல் படைவீரரின் தலைமயிர்போல ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். இவருடையதில் கத்தரிக்கன்றும் தொட்டால் கடிக்கும் காஞ்சொறியும் சம உரிமையோடு நிற்கும். அகழெலி மண்ணைக் கிளறினால் பாத்தியைத்தான் தள்ளிப் போடுவார். “அது முந்தியே இருந்தது. நான்தானே பிறகு வந்தனான்” என்பார்.

பேரில்தான் சிங்கம். யார் திட்டினாலும் “ஓம், நீங்கள் சொல்லுறது சரி” என்பார். ஒன்றையும் மாற்ற மாட்டார். பக்கத்துத் தோட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியை, இயற்கையோடு மல்லுக்கட்டாத இந்தப் பணிவு சீனத்துத் தாவோ ஞானமா என்று பயபக்தியோடு கேட்டார். பரராசசிங்கம் நன்றாக யோசித்து, தமக்குத் தெரிந்த ஜெர்மனில், மண்வெட்டி பிடித்தால் இடுப்பில் வரும் நாரி நோ என்று பதில் சொன்னார்.

இந்த ஆண்டு, தொண்ணூற்றாறு மே மாதம், சங்கத் தலைவர் வந்தார். சனிக்கிழமைக்குள் களை போகாவிட்டால் தோட்டம் பறிபோகும் என்றார். மனைவி கமலநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் மாடி வீட்டில் அயலுக்குப் பயந்து குரலைத் தாழ்த்தியே வாழ்பவர் அவர். வாய்விட்டுச் சிரிக்க இருந்த ஒரே இடம் அந்தத் தோட்டம். “உங்கட நாரி நோவால என்ர தோட்டம் போகப்போகுது!” என்று அழுதார். பரராசசிங்கம் சாப்பாட்டை விட்டு எழுந்தார்.

மண்வெட்டியை எடுக்கவில்லை. போனை எடுத்துத் தெரிந்த தமிழ் அக்கா ஒருவரை அழைத்தார். “அக்கா, வெள்ளிக்கிழமை மரக்கறிதானே? இஞ்ச கீரை கிடக்கு, மருந்தடிக்காதது. காசு வேண்டாம், சும்மா ஆய்ஞ்சுகொண்டு போங்கோ.”

சும்மா என்ற சொல் பீலெஃபெல்ட் தமிழ் வீடுகள் முழுக்கப் பரவியது. வெள்ளி பின்னேரம் அக்காமார் பைகளோடு வந்து இறங்கினார்கள். கையுறை போட்டுக் காஞ்சொறியை வெட்டினார்கள்; மஞ்சள் பூச்செடியை வேரோடு கிண்டினார்கள். வறைக்கு எது, சொதிக்கு எது என்று சண்டையும் பிடித்தார்கள். “அடுத்த கிழமையும் வருவம்” என்றார்கள். கமலநாயகி சிரித்தது ரயிலில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். பரராசசிங்கம் மர வாங்கில் அமர்ந்து தேத்தண்ணி குடித்தார்.

மறுநாள் தலைவர் கத்தரிக்கன்றுகளுக்கு இடையே கிடந்த வெறும் மண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குற்றம் எதுவும் அகப்படவில்லை. இனிமேலும் இப்படியே இருக்க வேண்டும் என்றார்.

“ஓம், நீங்கள் சொல்லுறது சரி.”

அவர் போனதும் பரராசசிங்கம் வேலிக்கு வெளியே கையை நீட்டி, மஞ்சள் பூ முற்றி விதைப் பஞ்சாகி நின்ற தண்டு ஒன்றைக் கிள்ளி மனைவியிடம் கொடுத்தார். கமலநாயகி தலைவர் தூரப் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்தார். பிறகு வாயைக் குவித்து, அந்த விதைப் பஞ்சை வெறும் பாத்தியின் மேல் ஊதினார்.