பையோடு நடந்தவர்

என் கணவருக்குப் பித்தநாளத்தில் புற்று, முற்றிவிட்டது. மைன்ஸில் ஷிப்ட் பார்த்த மனிதர், உடம்பெல்லாம் மஞ்சளாகி ராப்பகலாகச் சொறிந்துகொண்டிருந்தார். இனிக் குணமாகாது, பித்தத்தை வடியவிட்டால் அரிப்பாவது குறையும் என்றார் டாக்டர். குழாயை உள்ளேயே வைக்கலாம், அல்லது விலாவில் துளைபோட்டு வெளியே ஒரு பையில் வடிக்கலாம். எதைச் சொல்வதென்று தெரியாமல் நெய்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் அலைந்துகொண்டிருந்தேன்.

அங்கே இன்னொரு பெண்ணும் நடந்துகொண்டே இருந்தார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், அவருக்கும் இதே நோய். ஒல்லியான உடம்பு, மஞ்சள் பூத்த கண்கள். பித்தம் வடியும் பையைத் துண்டால் மூடிக் கையில் பிடித்திருப்பார். உட்காரவே மாட்டார்.

"எதுங்க நல்லது?" என்று அவரிடம் கேட்டேன்.

"மொதல்ல உள்ள வெச்சது அடைச்சிக்கினு குளிர்காய்ச்சல் வந்துடுச்சிங்க. இந்தப் பை வெச்ச பொறவுதான் தூக்கம் வருது. ஆனா நாளைக்கு மறுபடி உள்ளயே வெக்கச் சொல்லிட்டேன்."

"ஏங்க?"

"மவ கல்யாணம் வருது. பையத் தூக்கிக்கினு மணவறைல நிக்க மாட்டேன். அடைச்சா அப்பறம் பாத்துக்கலாம்."

நான் உள்ளே போய்க் கணவரிடமே கேட்டேன். "தூங்கினா போதும், பையே இருக்கட்டும்" என்றார். பை வைத்த பிறகு இப்போது ராத்திரியில் தூங்குகிறார்.

அந்தம்மாவை அப்புறம் பார்க்கவில்லை. கல்யாணத்தன்று காய்ச்சல் இல்லாமல் நின்றிருப்பாரா என்று நினைத்தால் எனக்குத்தான் இருப்புக்கொள்வதில்லை.