போளூர் ரோட்டில் பிரித்த சரக்கு

ஸ்கூட்டரில் பறக்கிறவள் என்று எனக்கு வீட்டிலேயே கெட்ட பெயர். அன்றைக்கு மட்டும் மெதுவாகப் போனேன். காலடியில் அட்டைப்பெட்டி, அதற்குள் ஒரு முகூர்த்தப் புடவை. நானும் என் கணவரும் தறிக்காரர்களிடம் பட்டுப் புடவை எடுத்துக் கல்யாண வீடுகளுக்குக் கொடுக்கிறவர்கள். போளூரில் மறுநாள் கல்யாணம். மடிப்புக் கலைந்தால் வாங்கமாட்டேன் என்று பெண்ணின் அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அசல் பட்டுதானா என்று போனிலேயே என் உயிரை வாங்கியவர் அவர்.

ஆரணியைத் தாண்டியதும் போலீஸ் கை காட்டி நிறுத்தியது.

"எதுக்கு சார் நிறுத்துனீங்க? சும்மா சந்தேகம்னு நிறுத்தக் கூடாது, காரணம் சொல்லணும்" என்றேன். எனக்கு வாய் நீளம். யூடியூபில் சட்டம் பேசுகிறவர்களைப் பார்த்து இன்னும் நீண்டிருந்தது.

எஸ்.ஐ. அசரவில்லை. "ஹெல்மெட் போட்டுகினு, காலி ரோட்ல இண்டிகேட்டர் போட்டுகினு, ஆமை மாதிரி வரீங்க. இந்த ரோட்ல யாரும்மா அப்படி வராங்க? டவுட் வராதா?"

ஒழுங்காகப் போவது குற்றமா என்று நான் எகிறும்போதே போன் அடித்தது. கணவர். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் எஸ்.ஐ.

"சரக்கு சேந்துச்சா? பார்ட்டி காத்துகினு கீறாங்க. வழியில செக்கிங்காம், பாத்துப் போ!"

பாவி மனுஷன்! எங்கள் தொழிலில் சரக்கு என்றால் புடவை, பார்ட்டி என்றால் அதை வாங்குகிறவர். எஸ்.ஐ.க்கோ சரக்கு என்றால் சாராயம்தான்.

"இதுக்கு மேல இன்னா காரணம்மா வேணும்?" என்றார்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். விட்டாரா? மடிப்புக்குள் பாட்டில் இருக்கும் என்று பெண் காவலரைப் பிரிக்கச் சொன்னார். கத்தினேன், கெஞ்சினேன், அழுதேவிட்டேன். ஜீப்பின் முன்பக்கம் முழுக்க அரக்குச் சிவப்பு விரிந்தது. பாட்டில் இல்லை என்றதும் எஸ்.ஐ. ஜரிகையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எங்க அக்கா பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம்" என்று என் நம்பரை வாங்கி மிஸ்டு கால் கொடுத்தார். பெண் காவலர் ஈரத் துண்டை மடிக்கிற மாதிரி மடித்துக் கொடுத்தார்.

போளூரில் கல்யாணப் பெண்ணின் அம்மா பெட்டியைத் திறந்ததும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, மடிப்பு மாறிகீது? யாரோ கட்டி அவுத்தத எங்க தலையில கட்டலாம்னு பாக்கிறியா?"

காரணம் சொல்லுங்கள் என்று கேட்க இங்கே எனக்கு வாயில்லை. போலீஸிடம் இருந்ததை விட நல்ல காரணம் இந்த அம்மா கையிலேயே இருந்தது. புடவை திரும்பி வந்தால் நாங்கள் தொலைந்தோம். வேறு வழி தெரியாமல் அந்த மிஸ்டு கால் நம்பரை அழுத்தி, நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆமாங்கம்மா, நாங்கதான் பிரிச்சோம். முந்தானையிலர்ந்து கடைசி வரைக்கும் செக் பண்ணிட்டோம். சந்தேகப்படற மாதிரி ஒண்ணும் இல்லீங்க" என்றார் எஸ்.ஐ.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உள்ளே திரும்பி மகளைப் பார்த்துக் கூவினார்.

"அடியே, அசல் பட்டுதானாம்! போலீஸே சொல்லிட்டாங்க!"