மடியில் வந்த டிவி

‘ஆவணி, வெள்ளி. அக்கா வந்தாள். கையில் ஒரு பை. நாலு நாள் என்கிறாள்.’

தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம், என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. அன்றன்றைய தாளில் ஒரு வரி எழுதிக் கிளிப்பில் செருகி வைப்பது என் வழக்கம். அத்தான் இறந்தபின், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு, ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அக்கா வந்த நாள் அது. ஐப்பசித் தாள்களிலும் அவள் இருக்கிறாள். ஆனாலும் யார் கேட்டாலும் நாலு நாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவாள். ஞாயிறு அவளுடைய சபையில் ஆராதனை. பூட்டிய வீட்டைத் திறந்து பெருக்கி, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, திங்கள் காலை திரும்புவாள். அந்த வீட்டில் அவள் தனியாகப் படுத்திருப்பதை நினைத்தால் எனக்கும் என் மனைவிக்கும் சாப்பாடு இறங்காது. எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. நேராகக் கேட்டால் மறுத்துவிடுவாள். மறுத்ததைப் பிறகு மாற்றிச் சொல்ல மாட்டாள். அதனால் கேட்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் எழுந்து வந்தபோது, கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. திரையில் ஒரு பாடகர் குழு பாடுகிறது. அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அதே பாட்டை உதட்டை மட்டும் அசைத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

“சத்தம் வச்சுப் பாக்க வேண்டியதுதானக்கா?”

“உங்க தூக்கம் கெட்டுரும்லா. எனக்குப் பாட்டு தெரியும். வாய் அசைஞ்சாப் போதும்.”

அன்று காபி குடிக்கும்போதே என் மனைவியிடம் சொன்னேன், அக்கா அறைக்கு ஒரு டிவி வாங்கிவிடலாம் என்று. விலை குறைவாக இருந்தால்தான் அக்கா சம்மதிப்பாள் என்றாள் அவள். பஞ்சு மார்க்கெட் பக்கம் உள்ள கடைகளில் விசாரித்தேன். திரையின் தெளிவு, ஸ்பீக்கரின் திறன், வாரண்டி என்று வகைபிரித்துக் குறித்துக்கொண்டேன். முப்பத்திரண்டு இஞ்ச் ஒன்று எல்லா வகையிலும் நன்றாக இருந்தது. அதைப் போனில் படம் எடுத்து வந்து வீட்டில் காட்டினேன். அக்கா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“நாலு நாளுக்கு வந்தவளுக்கு எதுக்குலே இம்புட்டுப் பெருசு?”

“அப்பச் சின்னதா ஒண்ணு எடுப்பமா மதினி?” என்றாள் என் மனைவி.

அக்கா யோசித்தாள். “எடுக்கிறதா இருந்தா வில்லிபுத்தூர்ல எடுப்போம். அங்க எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு.”

அடுத்த திங்கட்கிழமை நான் அங்கே போய் அவளோடு சேர்ந்துகொண்டேன். கடைக்காரர் இருபத்துநாலு இஞ்ச் டிவிகள் மூன்றை வரிசையாக ஓடவிட்டார். ஒன்றில் நிறம் நன்றாக இருக்கும், ஒன்றில் பென்டிரைவ் போடலாம் என்று அவர் விளக்க, நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா திரைகளைப் பார்க்கவே இல்லை.

“இதெல்லாம் எந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு? அந்தப் பெட்டியோட எடுத்துட்டு வாங்க.”

பிரிக்காத பெட்டிகள் மூன்று வந்தன. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரு கையாலும் அணைத்துத் தூக்கி, கடை வாசல் வரை நடந்து திரும்பினாள். மூன்றாவது பெட்டியை இறக்கிவைக்காமலே சொன்னாள்: “இது கனமே இல்ல. இதுவே இருக்கட்டும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “தேங்கா எடுத்த மாதிரில்ல எடுக்காக!”

ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் நிறுத்திக்கொண்டாள்.

“பெட்டிக்கு லக்கேஜ் போடணும்மா” என்றார் கண்டக்டர்.

“மடியில கெடக்கிற பிள்ளைக்கு டிக்கெட் கேப்பீகளா?”

முன் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துவிட்டு நகர்ந்தார். அக்கா என் பக்கம் திரும்பி, மெதுவாக, “வாரப்ப மடியில வந்துட்டா, போறப்பவும் மடியிலயே கொண்டு போயிரலாம்ல” என்றாள்.

எதைப் பார்த்து அந்த டிவியை எடுத்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சுவரில் மாட்ட வேண்டாம், ஓட்டை போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பெட்டியோடு வந்த இரண்டு பிளாஸ்டிக் கால்களைத் திருகி மேசைமேல் நிறுத்தினோம். புதுப் பொருள் வந்தால் ஜெபம் செய்வது எங்கள் வீட்டு வழக்கம். அக்காதான் செய்தாள். “ஆண்டவரே, நான் இங்க இருக்கிற இந்தக் கொஞ்ச நாளைக்கு…” என்று ஆரம்பித்தாள். என் மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். காலிப் பெட்டியைத் தெர்மகோலோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள் அக்கா. அறையைக் கூட்டும்போதெல்லாம் அதை வெளியே இழுத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைப்பாள்.

காலையில் அவள் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வரத் தொடங்கியது. கூடவே அவள் குரலும். சுதி கொஞ்சம் விலகும். நாங்கள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்போம்.

கார்த்திகையில் நல்ல மழை. ஒரு சனிக்கிழமை அவள் பஸ் ஏறவில்லை. மறுநாள் குடை பிடித்து எங்களோடு எங்கள் கோயில் ஆராதனைக்கு வந்தாள். மழை விட்ட பிறகும் சில வாரங்கள் அப்படியே வந்தாள். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை.

தை மாதம் ஒரு புதன்கிழமை, வெளியே போயிருந்த நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே துளை போடும் சத்தம் கேட்டது. அக்கா அறையில் மெக்கானிக் சுவரில் துளையிட்டுக்கொண்டிருந்தார். அவளே போன் செய்து வரவழைத்திருக்கிறாள்.

“இன்னும் செத்த மேல போடுங்க தம்பி. படுத்துக்கிட்டுப் பாக்கணும்.” என்னைக் கண்டதும், “கழுத்து வலிக்குலே, அதான்” என்றாள்.

என் மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். “சுவத்துல ஓட்ட போட்டாச்சு. நீங்க போன பொறவு யாரு மதினி அடைக்க?”

“நீங்கதான் அடைக்கணும்.”

“எங்க போன பொறவு? வில்லிபுத்தூருக்கா?”

“அதுக்கும் மேலட்டி” என்று விரலால் கூரையைக் காட்டினாள் அக்கா. துளைபோடும் மெஷினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கும் சிரித்தார்.

அன்றைய தாளில் ‘அக்கா டிவி சுவரில்’ என்று மட்டும் எழுதினேன். அட்டைப்பெட்டி கட்டிலடியில் இல்லை. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதாக அக்கா சொன்னாள். அவர் சைக்கிளில் அது போனதைப் பக்கத்து வீட்டு அம்மாவும் பார்த்திருக்கிறார். டிவியிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் கால்கள் இரண்டுதான் கணக்கில் வரவில்லை. பெட்டியோடு போயிருக்கும் என்கிறாள் அக்கா. பிறகு ஒருமுறை பெருக்கப் போனபோது கொண்டுபோயிருப்பாள், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும், மதினியைத் தெரியாதா என்கிறாள் என் மனைவி. அந்த வீட்டுச் சாவி இப்போது எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். இதுவரை நான் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே கால்கள் எங்கே இருக்கின்றன என்பது உறுதிசெய்யப்படாத தகவல்.