ரஸ் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை

என் புருஷன் ரஸ்ஸல் ட்ரூரி பதினொரு வருடம் காசுக்குக் குத்துச்சண்டை போட்டவன். மொத்தம் நூற்று நாற்பத்தொரு சண்டை. ஜெயித்தது ஆறு, சமன் நாலு, மீதி எல்லாம் தோல்வி. இதைக் கேட்டுவிட்டு யாராவது இளித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தோல்விகளில் முப்பதையாவது அவன் ஜெயித்ததை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சின்ன ஹாலில் நடக்கும் நாலு ரவுண்டுச் சண்டைக்குத் தனியாக ஜட்ஜுகள் கிடையாது. உள்ளே நிற்கும் நடுவரேதான் மார்க்கும் போடுவார். கடைசி மணி அடித்ததும் ஒருவன் கையைப் பிடித்துத் தூக்குவார். கதை முடிந்தது. சிவப்பு மூலையில் உள்ளூர்ப் பையன் நிற்பான். மாமன், மச்சான், வேலை செய்யும் கிடங்கின் ஆட்கள் என்று முந்நூறு பேருக்கு டிக்கெட் விற்றிருப்பான். நீல மூலையில் எங்கிருந்தோ வந்த ரஸ். அவனுக்காகக் கத்த நான் ஒருத்தி. யார் கை மேலே போகும் என்று தெரிந்துகொள்ள மார்க் அட்டையைப் பார்க்க வேண்டியதில்லை.

ஸ்டோக் நகரில் ஒருமுறை உள்ளூர்ப் பையனுக்கு ஈரலில் ஒரு குத்து விட்டான் ரஸ். பையன் முட்டி போட்டு, பல்காப்பைத் துப்பிவிட்டு மூச்சுக்குத் திணறுகிறான். நடுவர் கார்பெட் என்ன செய்தார் தெரியுமா? "கால் வழுக்கிடுச்சு" என்று சைகை காட்டி, அவனை எழுப்பி, கையுறையைத் துடைத்துவிட்டு, நிதானமாக அதன் கயிற்றை மறுபடி கட்டச் சொல்லி, பையனுக்கு முழுசாக ஒரு நிமிடம் வாங்கிக் கொடுத்தார். கடைசியில் முப்பத்தொன்பது–முப்பத்தெட்டு, சிவப்பு மூலை. அந்த ஆளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். கழுத்தில் போ டை, வெட்டிச் சுத்தம் செய்த நகம், வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். அடுத்தவன் உழைப்பைப் பிடுங்கிக் கொடுக்கும்போதும் அந்த மிட்டாய் கன்னத்துக்குக் கன்னம் உருண்டுகொண்டே இருக்கும்.

ரஸ்ஸுக்குக் கோபமே வராது.

"அவரும் மனுஷன்தான் கெர்ரி. ஒரு பக்கம் நின்னு பாத்தா இன்னொரு பக்கம் மறையும்."

"பதினோரு வருஷமா உன் பக்கம் மட்டும் எப்படிடா மறையுது?"

"விடு. வழியில நிறுத்தி பேக்கன் ரொட்டி வாங்கிக்கலாம்."

அவன் அதை நிஜமாகவே நம்பினான். ஆளாளுக்குக் கண் பிசகும், வேண்டுமென்று யாரும் செய்வதில்லை என்று. நம்பாவிட்டால் அடுத்த சனிக்கிழமை காரில் ஏற முடியாதே.

நம்பாதவர் என் மாமனார் நெவில். கிரிம்ஸ்பி மீன் சந்தையில் நாற்பது வருடம் மீன் அறுத்தவர். ரஸ் ஆரம்பித்த வருடம், ஹல் நகரில் நடந்த சண்டைக்கு ஒருமுறை வந்தார். முடிவைக் கேட்டதும் நாற்காலி மேல் ஏறி நின்று நடுவரின் பரம்பரையையே இழுத்தார். காவலுக்கு நின்றவர்கள் அலேக்காகத் தூக்கி வெளியே விட்டார்கள். அதோடு சரி.

"உங்கிட்ட இருந்து திருடுறதைப் பாக்க நான் டிக்கெட் வேற எடுக்கணுமா? ஒழுங்கா ஜெயிக்கிற அன்னிக்குக் கூப்பிடு, வர்றேன்" என்றார்.

ரஸ்ஸுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். கோப்பையும் பட்டமும் அவன் கேட்கவில்லை. அப்பா பார்க்க ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். முப்பத்தெட்டு வயதில் கையுறையைக் கழற்றுவது என்று முடிவானதும், கடைசிச் சண்டையை கிரிம்ஸ்பியிலேயே, சொந்த ஊரில், சிவப்பு மூலையில் கொடுத்தார்கள். ஞாயிறு மதியம். டிக்கெட்டோடு அப்பா வீட்டுக்குப் போனான்.

"எதிராளி யாரு?"

"நியூபோர்ட் பையன், ஓவைன். என்னை மாதிரிதான், ஊர் ஊரா போய்த் தோக்கிறவன். இந்தத் தடவை நிச்சயம்ப்பா."

நெவில் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, வர்றேன்" என்றார். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

மணி அடித்தது. ரஸ் பின்னால் போனான்.

இது அவனுடைய தொழில். கைகளை முகத்துக்கு அண்டை கொடு, கயிற்றில் சாய், உள்ளூர்ப் பையனை அழகாகக் காட்டு. அவனைப் படுக்க வைத்துவிட்டால் மாசக்கணக்கில் எவனும் சண்டைக்குக் கூப்பிட்டு ஃபோன் பண்ண மாட்டான். நீ படுத்துவிட்டால் ஒரு மாதம் வீட்டில் இரு என்று குத்துச்சண்டை போர்டு சொல்லிவிடும். பதினொரு வருடம் பழகிய உடம்புக்கு இன்று மூலை மாறியிருப்பது தெரியவில்லை. அந்த ஓவைன் பாவம், எதிரே ஆள் பின்வாங்கினால் என்ன செய்வான்? அடித்தான்.

"முன்னால போடா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ரஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இன்னும் இரண்டடி பின்னால் போனான்.

"இன்னிக்கு நீதாண்டா உள்ளூர்க்காரன்!" என்றார் பயிற்சியாளர் டெஸ், இடைவேளையில்.

"தெரியுது டெஸ். கால் கேக்க மாட்டேங்குது."

மூன்றாவது ரவுண்டில் இருவரும் கட்டிக்கொண்டபோது ஓவைன் காதில் கெஞ்சினானாம்: "அண்ணே, அடிங்கண்ணே! நான் தோக்கத்தான் வந்திருக்கேன். நீங்களும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க!"

நாலு ரவுண்டில் ஒன்றுகூட ரஸ்ஸுடையது இல்லை. கடைசி மணி அடித்ததும் அவன் நேராகப் போய் ஓவைன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, வழக்கம்போலக் கயிற்றை விலக்கி இறங்கப் பார்த்தான். கார்பெட்தான் நடுவர். ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்து நடுவே இழுத்து, ரஸ்ஸின் கையை மேலே தூக்கினார். முப்பத்தொன்பது–முப்பத்தெட்டு.

ஹாலே அதிர்ந்தது. நானும் நாற்காலியில் ஏறிக் குதித்தேன், அழுதேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் குதித்தேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரே ஒரு குரல் ஊளையிட்டது. "பகல் கொள்ளை! வெக்கமா இல்லையாடா உங்களுக்கு?"

நெவில்.

"யோவ் பெருசு, ஜெயிச்சது உன் பையன்யா!" என்றான் பின்வரிசைக்காரன்.

"என் பையனை எனக்குத் தெரியாதா? வாயை மூடிட்டு உக்காருடா!"

கோட்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மேலே நின்ற ரஸ் அவர் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை இன்னும் கார்பெட்டிடம் இருந்தது.

நடையில் கார்பெட் எங்களை மறித்து, ரஸ்ஸின் தோளைத் தட்டினார்.

"சந்தோஷம்தானே ரஸ்? இத்தனை வருஷம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவன் நீ. போறப்ப ஒண்ணாவது பண்ணணும்னு நெனச்சேன்."

ரஸ் அவர் முகத்தையே பார்த்தான். "அப்போ ஸ்டோக்ல... அந்தப் பையன் அடிவாங்கித்தான் விழுந்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"அட, அது எந்தக் காலம்! இன்னிக்கு உன் நாள்யா."

மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது. சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். ரஸ் குலுக்கினான். பழக்கம். பிறகு அந்தக் கையைத் தன் கால்சட்டையில் அழுத்தி அழுத்தித் துடைத்தான். பதினொரு வருடத்தில் அவன் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. அந்த மிட்டாயை அவர் தொண்டைக்குள்ளேயே திணிக்கலாம் போல இருந்தது எனக்கு. அவருக்குக் கண் பிசகியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார்.

மதுக்கூடத்தில் நெவில் இல்லை, வாசலிலும் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு உடைமாற்றக் கொடுத்திருந்த அறையில் கண்டுபிடித்தோம். பூப்பந்து வலையும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைக்கும் அறை. ஓவைனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் கையில் சுற்றியிருந்த கட்டுத்துணியைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றான் ரஸ்.

அவர் நிமிரவில்லை. "யார் ஜெயிச்சதுன்னு இந்தப் பையன்கிட்ட நீயே சொல்லிடு."

ரஸ் ஓவைன் பக்கம் திரும்பினான். "நீதான் ஜெயிச்சே, தம்பி. நாலு ரவுண்டும் உன்னுது."

ஓவைனுக்கு இருபத்திரண்டு வயது. இன்னொரு கையில் வாழைப்பழத்தைப் பிடித்துப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்ணே," என்றான். "ஆனா கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, கதவு தொறந்திருக்கு. சனிக்கிழமை டெர்பியில எனக்கு கார்பெட்தான் ரெஃப்ரீ."